மதிலோரத் தண்ணீர்

பெட்ரோல் பங்க்கை மூடிய பின்பும் அதன் தொட்டிகள் மண்ணுக்கடியிலேயே கிடந்தன. அவற்றை வெளியே எடுக்குமுன் மண்ணைச் சோதிக்க வந்த ஆய்வாளரை அலுவலகத்தில் எல்லாரும் ‘மூக்கர்’ என்பார்கள். ஒரு பிடி மண்ணை முகர்ந்தாலே அதில் என்ன கசிந்திருக்கிறதென்று சொல்லிவிடுவார். ஆய்வகம் பிற்பாடு ஆமென்று தலையாட்டும்.

பங்க்கை நடத்தியவரின் தங்கை மதிலுக்கு அப்பால் குடியிருந்தாள். வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் அண்ணன்தான். சமைப்பதும், நடக்கப் பழகும் மகளைக் குளிப்பாட்டுவதும் கொல்லை அடிபம்பின் நீரில்தான். தொட்டிகளிலிருந்து மதில்வரை துளையிட்டு மண் எடுத்த மூக்கர், அந்த நீரிலும் ஒரு புட்டி பிடித்தார், முகர்ந்தார், முகம் சுளித்தார். தங்கை அந்தச் சுளிப்பைப் பார்த்துவிட்டாள்.

நீரில் டொலுவீன் இருப்பதாக ஆய்வக முடிவு வந்தது. அது பெட்ரோலில் இருப்பதுதான் என்று மூக்கர் விளக்கினார். தங்கை அடிபம்பின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டிப்போட்டாள். அண்ணன் குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தபோது கதவைப் பாதிதான் திறந்தாள்.

“உன் யாவாரம் எம்புள்ள வயித்துக்குள்ள வந்துருச்சுண்ணே.”

அவர் குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் இன்னொரு குடம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வீட்டில் குடமே மிச்சமில்லை, இனிக் குக்கரில்தான் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

இதற்குள் மண்ணின் முடிவுகளும் வந்துசேர்ந்தன. தொட்டியடி மண் கெட்டிருந்தது. மதிலோர மண் சுத்தமாக இருந்தது. பெட்ரோல் மதிலேறிக் குதித்திருக்க வழியில்லை. மூக்கர் நீரின் முடிவை மறுபடி எடுத்து, இம்முறை கடைசி வரிவரை படித்தார். பென்சீன் அறவே இல்லை. பெட்ரோல் கலந்த நீரில் அதுவும் இருந்திருக்க வேண்டும். தம் மூக்கோடு ஒத்துப்போன வரியோடு முன்பு படிப்பை நிறுத்தியிருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பங்க்குக்குப் போனவர் மூக்குக்கு எல்லாமே பெட்ரோல்.

மூக்கர் மறுபடி தங்கை வீட்டுக்குப் போனார். கொல்லையில் அடிபம்பு பளபளவென்று நீலமாக நின்றது. எப்போது பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டார்.

“நீங்க வர்றதுக்கு மொதநாள் சாயந்தரம். ஆபீஸ்காரங்க வர்றாங்க, துருப்பிடிச்சுக் கெடந்தா என்ன நெனைப்பாங்கன்னு...” என்று இழுத்தாள். பம்பின் வாய்க்குள் வழிந்ததை, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்ததாகவும் சொன்னாள்.

தின்னரிலும் டொலுவீன் உண்டு. மூக்கர் பம்பின் தலையையே கழற்றச் செய்து, புதுக்குழாயை அடிவரை இறக்கி நீர் எடுத்தார். இம்முறை முகர்ந்து பார்க்கவில்லை.

நீர் சுத்தம் என்ற முடிவைத் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னார்.

“நீங்க துடைச்சது தப்பில்லம்மா. நான் முழுசாப் படிக்காததுதான் தப்பு.”

தங்கை மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தொட்டிகள் எடுக்கப்பட்ட பள்ளத்துக்குப் போனாள். அண்ணன் அதன் விளிம்பில் குனிந்து, கறுத்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“தண்ணி நல்லாருக்காம். ஆனா கசிவு கசிவுதாம்மா. நீ சொன்னதுல பாதி நெசம்.”

“அப்ப பாதிச் சண்டைய வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றாள். மண்ணை எதுவரை அள்ளுவார்கள் என்று கேட்டாள்.

மதில்வரை அள்ளச் சொல்லியிருப்பதாகவும், மண் சுத்தமாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை என்றும், அடிபம்பு நீரை அவ்வப்போது சோதிக்க மூக்கரிடம் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார்.

குழந்தை மாமனை நோக்கித் தாவியது. அவர் பின்வாங்கினார்.

“கையெல்லாம் இந்த மண்ணுடி.”

“அதெல்லாம் அவளுக்குப் புரியுமா? பிடி, விழுந்துறப் போறா.”

அவர் உள்ளங்கைகளை வெளிப்புறமாக விரித்துக்கொண்டு, முழங்கைகளுக்கிடையில் மருமகளை வாங்கிக்கொண்டார்.