முனியனுக்கு வாய்க்கரிசி

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். ஊர்க்காரர்கள் புளிய மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். எங்கள் காலனி ஆட்கள் மறியலுக்கு வரவில்லை என்று ஆத்திரம். காலனிக்குள் ஒரு மணி தானியம் போகக்கூடாது என்றார்கள். ஐந்து நாளாயிற்று. நான்கு வயது மகள் குஞ்சம்மாள் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள்.

கரியாலூர் மலைக்காரர் வேடியப்பன் இரண்டு மூட்டைச் சாமையை அடிவாரம்வரை இறக்கிக் கொடுத்தார். "எங்க காட்டுல களை எடுத்தவங்க பட்டினி கெடக்கலாமா?" என்றார். மூட்டைகளைக் கயிற்றுக் கட்டிலில் நீளமாகக் கிடத்தி, வெள்ளைத்துணி போர்த்தி, மாலை போட்டோம். பிணத்தை மறிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. யாரென்று கேட்டால், மலையில் செத்துப்போன என் அண்ணன் சின்னக்கண்ணு என்று சொல்லவேண்டும். எனக்கு அண்ணனே கிடையாது, யாருக்கும் பாதகமில்லை. நாலு பேர் தூக்கினார்கள். நான் அழுதுகொண்டே பின்னால் நடந்தேன்.

வெட்டிப்போட்ட மரத்தருகே முப்பது பேர், கையில் அரிவாள். கல் கூட்டி அங்கேயே சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யார்டி செத்தது?" என்று அதட்டினான் ஊர் இளவட்டம் அன்புச்செல்வன்.

பேசிவைத்த அண்ணன் பேர் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "முனியன்" என்று சொல்லிவிட்டேன்.

அடிப்பாவி! அது என் புருஷன் பேர். கட்டிக்கொண்ட பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அதை என் வாயால் சொன்னதில்லை. முதல்முதலாகச் சொன்னது இப்படி. அதற்குப் பிறகு நான் அழுதது நடிப்பில்லை.

"மூஞ்சியக் காட்டு" என்று அன்புச்செல்வன் துணியில் கைவைக்கப் போனான்.

"தள்ளுடா." எழுந்து வந்தவர் நாராயணசாமி. என் வீட்டுக்காரர் ஏர் ஓட்டுவது இவர் நிலத்தில்தான். "முனியனா? என் நெலத்துல ஒழைச்சவன்டா. ஒரு பிடி வாய்க்கரிசி நானே போடறேன்."

உலைக்கு வைத்திருந்த அரிசியில் ஒரு பிடி அள்ளிவந்து, கட்டிலை இறக்கச் சொல்லி, தலைமாட்டில் குனிந்து துணியைத் தூக்கினார். மூட்டையின் தையல் தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் அரிசியை மூட்டைமேல் போட்டார். துணியை இழுத்து மூடினார்.

"முனியன்தான்டா. வழி வுடுங்க, நாறிடப் போவுது." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அழுதுகினே போம்மா" என்றார்.

காலனி முனையில் என் வீட்டுக்காரர் காத்துக்கொண்டு நின்றார். "இன்னாடி, இல்லாத அண்ணனுக்கா இந்த அழுவ?"

"உனக்குத்தான்யா" என்றேன்.

சாமையைக் குத்திப் புடைக்க நேரமாகும். உடனே உலையில் போட முடிந்தது மூட்டைமேல் கிடந்த அந்த ஒரு பிடி அரிசிதான். வாய்க்கரிசியைப் பொங்கித் தின்னலாமா என்று காலனிப் பெண்டுகள் முணுமுணுத்தார்கள். போங்கடி, பசி வந்தால் பத்தும் பறக்கும். குஞ்சம்மாளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மிச்சத்தில் ஒரு வாய் என் வீட்டுக்காரர் வாயில் ஊட்டினேன்.