எட்டுப் பேருக்கு எட்டுக் காரணம்

"எல்லாருக்கும் ராஜினாமாவை ஒரே மாதிரி அடிச்சிடாதே, மர்சலின். லேபர் கோர்ட்ல எவனாவது எட்டையும் சேத்து வெச்சுப் படிச்சான்னா சிரிப்பான்," என்றார் சுவாமிநாதன். "ஆளுக்கு ஒரு காரணம் இருக்கணும். அவா அவா ஆத்து சமாசாரம் உனக்குத் தெரியாததா?"

தெரியும். லஸ்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு மாடி முழுக்க வக்கீல்களும் குமாஸ்தாக்களுமாய் அறுபது பேர் வேலை பார்த்த ஆபீஸ் அது. இருபத்திரண்டு வருஷமாய் மர்சலின் அங்கே பெரியவர் சுவாமிநாதனுக்கு ஸ்டெனோ. யார் வீட்டில் யாருக்கு ஆஸ்துமா, யார் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது, எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் அவள் காதில்தான் விழும்.

"அவங்களா விலகுறதாத்தான் எழுதணுமா சார்?"

"பின்னே? நாமளா அனுப்பினா ஒவ்வொருத்தனுக்கும் சர்வீஸைக் கூட்டி நஷ்ட ஈடு தரணும். அவாளா போனா 'போய்ட்டு வாங்கோ'ன்னு ஒரு வார்த்தையோட போச்சு. பாதி வேலை குடுத்திண்டிருந்த ஹாங்காங் கம்பெனியே மூட்டை கட்டிடுத்து. மாடியில நாலு கம்ப்யூட்டர் வேற வாங்கி வெச்சிருக்கான் என் பிள்ளை ஸ்ரீவத்சன். எட்டுப் பேர் போயாகணும். உனக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உட்கார வைத்தது. நாற்பத்தொன்பது வயது. இனி யார் சுருக்கெழுத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்? நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"ரெக்கார்டு ரூம் ராஜநாயகம்?"

"ஆஸ்துமா சார்."

"பேஷ். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிட்டார். டிரைவர் முருகையன்?"

"அவர் அம்மா ஊர்ல படுத்த படுக்கையா..."

"பாத்தியா, உங்கிட்ட கேட்டா வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கு. ஃபைலிங் நாகராஜ்?"

"மச்சானோட சேர்ந்து கடை வைக்கணும்னு சொல்லிட்டிருந்தார்."

"சொந்தத் தொழில். பிரமாதம்."

ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் அழுதுகொண்டே சொன்னதும், சிரித்துக்கொண்டே சொன்னதும் அவள் வாயிலிருந்தே வந்து கம்பிகளும் சுழிகளுமாய்த் தாளில் விழுந்தன. அடுத்தவர் எச்சில் இலையை எடுத்துவந்து இவர் முன்னால் விரிக்கிற மாதிரி இருந்தது. இருந்தும் சொன்னாள்.

எட்டாவது ஜைதூன் பீ. பெருக்கி, துடைத்து, பாத்திரம் கழுவுகிறவள். இதற்கு மர்சலினிடம் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"பொண்ணுக்குப் பிரசவம்னு லீவ் கேட்டாளே, அதையே போடு. பொண்ணைப் பாத்துக்கணும்."

"சார், அந்தப் பொண்ணு பிரசவத்துலயே போயிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு."

"அடடா. த்சு, த்சு." காபி டம்ளரை டபராவில் ஆற்றினார். ஒரு மிடறு குடித்தார். "குழந்தை இருக்கோல்லியோ?"

"இருக்கு."

"அப்போ பேரனைப் பாத்துக்கணும்னு போடு. இன்னும் நன்னா இருக்கும். தாயில்லாப் பிள்ளை, எவன் என்ன சொல்ல முடியும்?"

மர்சலின் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "அவ்வளவுதானா சார்?" என்று எழுந்தாள்.

"நாலு மணிக்குள்ள வேணும். பாட்டுக் கச்சேரிக்குப் போகணும்."

தன் இடத்துக்கு வந்து ஏழு கடிதத்தை அடித்தாள். எட்டாவதற்கு டைப்ரைட்டரில் தாளைச் செருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜைதூன் பீ மேஜைக்கடியில் குனிந்து பெருக்க வந்தாள்.

"கால தூக்கிக்க மிஸ்ஸம்மா. என்னா, மெசின் ரிப்பேரா?"

"இல்ல. உன் பேரன் எப்படியிருக்கான்?"

"அவனுக்கு இன்னா, ராசா! அவங்க அத்தா வூட்டுக்காரங்க ஆம்பூருக்குத் தூக்கினு பூட்டாங்க. நான் எங்க பாக்கறது? வருசத்துக்கு ஒரு தபா பெருநாளுக்கு." துடைப்பத்தைத் தட்டினாள். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

அவள் போனதும் மர்சலின் அடித்து வைத்த ஏழையும் நான்காய்க் கிழித்தாள். புதிதாய் எட்டு அடித்தாள். பேர்தான் வேறு வேறு. மற்றபடி எட்டிலும் அதே நாலு வரி, இங்கிலீஷில்: "ஆட்குறைப்புக்காக என்னை வேலையிலிருந்து விலகச் சொன்னவர் திரு. சுவாமிநாதன். நானாக விலகவில்லை. எனக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. சேர வேண்டிய நஷ்ட ஈட்டைத் தரவும்." கீழே, 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று போட்டு அவர் கையெழுத்துக்கு இடம். இடது ஓரத்தில், அவள் அடிக்கிற எல்லாக் கடிதத்திலும் இருக்கும் அவள் பேரின் முதல் எழுத்து, சின்னதாய். அந்த எழுத்து இருந்தால் பெரியவர் படிக்க மாட்டார். படித்ததே இல்லை. "மர்சலின் பாத்தாச்சுன்னா அப்பீல் கிடையாது" என்று கட்சிக்காரர்களிடம் பெருமையாய்ச் சொல்வார்.

எட்டுப் பேரையும் தனித்தனியாய்க் கூப்பிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லி, கையெழுத்து வாங்கினாள். ராஜநாயகம் மட்டும் கேட்டார்: "உனக்கு இதனால என்ன ஆகும்மா?"

"போடுங்க அண்ணே, நேரமாகுது."

நாலு மணிக்குப் பெரியவர் காருக்குப் போகிற வழியில் நின்றபடியே, நகலும் அசலுமாய்ப் பதினாறு தடவை கையெழுத்துப் போட்டார். "எல்லாம் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு சார்."

அசலை ஃபைலில் வைத்தாள். நகலை அவரவர் கையில் கொடுத்தாள். "வீட்டுல பத்திரமா வைங்க. திங்கக்கிழமை எல்லாரும் சேர்ந்தே லேபர் ஆபீசுக்குப் போங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

மறுநாள் காலை பத்து மணிக்குள் மாடிக்கும் கீழுக்கும் செருப்புச் சத்தமாய் இருந்தது. நாகராஜ் தன் நகலை எடுத்துக்கொண்டு நேரே சின்னவர் ஸ்ரீவத்சனிடம் போய்விட்டிருந்தான். நகலைக் கொடுத்தான், வேலையை வாங்கிக்கொண்டான். இனி மாடியில் சின்னவர் அறை வாசலில் அவனுக்கு நாற்காலியாம்.

பெரியவர் கூப்பிட்டார். எதிரே காலி நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

"என் உப்பைத் தின்னுட்டு?"

மர்சலின் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மத்த ஏழையும் நீயே திரும்ப வாங்கிண்டு வா. நீ சொன்னாக் கேப்பா. நடந்ததை நான் மறந்துடறேன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டேன் சார்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நகர்த்தினார். அடித்துத்தர ஆளில்லாமல் தன் கையாலேயே எழுதியிருந்தார். "அப்போ இதுல கையெழுத்துப் போடு. உடல்நலக் காரணமா விலகறேன்னு எழுதியிருக்கேன். கௌரவமாப் போகலாம்."

படித்தாள். "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்."

"பின்னே என்னன்னு எழுதணும்கிறே?"

"நீங்க அனுப்புறீங்கன்னு எழுதுங்க."

"அது முடியாதுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். நேத்திக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அப்போ நாளைக்கு ஒன்பதரைக்கு வந்துடறேன்."

"வந்து? ஒரு வேலை தர மாட்டேன். ஈ ஓட்டிண்டு உக்காந்திருப்பே."

"உக்காந்திருக்கேன் சார்." தாளை அவர் பக்கமாய்த் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மாடிப்படியின் திருப்பத்தில் நாகராஜ் நின்றிருந்தான். புதுச் சட்டை. அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டினான்.

"மிஸ்... கோவமா கீறீங்களா? நான் இன்னா பண்றது சொல்லுங்க. மூணு பசங்க. சின்னது இன்னும் பால்வாடி. எம் பொண்டாட்டி ராவெல்லாம் அழுதுச்சு..."

போன வாரம்வரை இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கேட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்திருப்பாள். இப்போது அவன் வாய் அசைவதைப் பார்க்கவே அருவருத்தது. நேற்று பெரியவர் எதிரே உட்கார்ந்து ராஜநாயகத்தின் மூச்சிரைப்பை எடுத்துக்கொடுத்த தன் வாயும் இப்படித்தானே அசைந்திருக்கும்.

"சின்னவர்கிட்ட வேணா உங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லட்டா மிஸ்? நான் சொன்னா இப்ப கேப்பாரு."

"நாகராஜ்."

"சொல்லுங்க மிஸ்."

"கொஞ்சம் தள்ளி நில்லு. நான் இறங்கணும்."