மதில் சூழாக் குன்று

மேற்றிசைச் சாய்ந்த கதிரவன் நகரின் கூரைகள் மீதெல்லாம் பொன்னொளி சிந்தி நின்ற மாலைப்பொழுதில், ஆலைகளின் புகையும் தெருக்களின் இரைச்சலும் அடிவாரத்தோடு ஓய்ந்துவிட, வடபுறத்தே துயிலும் களிறுபோல் நீண்டு கிடந்த குன்றொன்று, புல்லும் புதரும் சுனையும் தாங்கி, வருவோர் எவரையும் யாரென வினவாது ஏற்று விளங்கிற்று. கற்றறிந்த அன்பரே, அப்பொதுநிலத்திற்கு அவ்வாண்டு பேரிடர் வாய்த்தது. காவலர்க்கு ஊதியம் ஈயவும் காட்டுத்தீ தடுக்கவும் பொருளின்றி நகரவை கைபிசைந்து நிற்க, கல்லுடைக்கும் குழுமமொன்று குன்றைக் குத்தகைக்குக் கேட்டு நெருங்கிற்று. மறுநாள் நகரவையின் முடிவு.

நூலாலை நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டி மறைந்த ஒருவர் விட்டுச்சென்ற அறக்கொடை, மருத்துவரான மூத்த மகளும் ஆலையை ஆளும் இளைய மகனும் ஒருமித்தாலன்றி எவர்க்கும் ஈய இயலாததாய் இருந்தது. குன்றைக் காக்க இருவரும் விழைந்தனர்; காக்கும் வழியில்தான் பிரிந்தனர்.

"நாமளே வாங்கிடலாம் அக்கா. சுத்தி மதில் கட்டி, வாசல்ல அப்பா பேரை வெச்சிட்டா, கல்லுடைக்கிறவன் கிட்ட வரமாட்டான்."

"சரி, மத்தவங்க?"

"கேட்டா விடப்போறோம்."

"இன்னிக்கு யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லையேடா."

"அதுக்காக, காசையும் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கணுமா?"

அழுத்தினால் முரண்டுபிடிக்கும் தம்பியின் இயல்பறிந்தவள், பொங்கிய சினத்தை விழுங்கி, "ஒருதரம் மேல ஏறிப் பாத்துட்டு, அப்புறம் சொல்லு" என்றாள்.

வண்டியன்றி நடந்தறியாத அவன், அக்காளோடு மூச்சிரைக்க ஏறி, உச்சிப் பாறையொன்றில் கால்பரப்பி அமர்ந்தான். சற்றைக்கெல்லாம், நொண்டும் கணவனைத் தோளில் தாங்கியவளாய் ஒரு பெண் வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இவருக்குக் கால் முடியல."

ஆலையில் தன் நிழல் கண்டாலே எழுந்து நிற்போரை மட்டுமே கண்டு பழகியவன் அவன். என்ன சொல்வானோ என அஞ்சி அக்காள் ஓரடி முன்வந்தாள். அவனோ, ஒரு நொடி திகைத்து, பின் நகர்ந்து இடம் விட்டான்.

"முதல்தரம் வர்றீங்களா? இப்படித் திரும்பி உக்காருங்க, காத்து நல்லா வரும்" என்றான் நொண்டி வந்தவன், தன் இல்லத்து விருந்தினரை ஓம்புவான் போல. ஆலைக்குரியவன் வாய்விட்டு நகைத்தான்.

இறங்கி வந்தவன், அடிவாரத்தில் நின்றான்.

"மதில் கட்டியிருந்தா, அந்தம்மா என்னைத் தள்ளி உக்காரச் சொல்லியிருப்பாங்களா அக்கா?"

"எழுந்து நின்னிருப்பாங்க."

"வேணாம். மதில் வேணாம், பேரும் வேணாம். கையெழுத்து எங்க போடணும்னு சொல்லு."

எந்நாளும் குத்தகைக்கு விடலாகாது, எவர்க்கும் அடைத்தலாகாது என்னும் கட்டுப்பாட்டோடு அறக்கொடை நகரவைமுன் வைக்கப்பட்டது. குழுமத்தார்க்காக வாதிட்டோர் சிலரல்லர். ஆயினும், நெடிய சொற்போருக்குப் பின், ஒரேயொரு வாக்கு மிகுதியால் குன்று பிழைத்தது. காவலர் திரும்பினர், அடுத்த கோடையில் தீ பரவவில்லை.

ஓராண்டு கழிந்தபின், ஊருக்குப் புதியவர் ஒருவர் சுனையருகே அவனை நெருங்கி, "இது யாரோட இடம்ங்க?" என்று வினவினார். அருகிருந்த அக்காள் தம்பியின் முகம் நோக்கினாள்.

"நம்ம இடந்தான்" என்றான் அவன்.

எங்கள் என்று சொல்லியிருப்பின் அவ்வயலார் தயங்கி விலகி நின்றிருப்பார். நம்ம என்றமையால், செருப்பைக் கழற்றி, குளிர்ந்த நீரில் கால் நனைத்தார். தன்பெயர் பொறித்துக் காப்பார் பலர் தோன்றி மறைவர். பிறரையும் உரியராக்கிக் காப்பாரோ, அறியப்படாமலே நிலைபெறுவர்.