கீழ்க்கணக்கு லயத்தின் ஜன்னல்கள்

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கொட்டகலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், குடும்பத்துக்கு ஓர் அறையாக ஆறு காம்பரா கொண்ட லயம் இருந்த இடத்தில் இல்லை. அதில் குடியிருந்தவர்கள் இருந்தார்கள். கட்டில், வாளி, அடுப்பு, டீவி எல்லாம் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தன. சுவர்களும் தகரமும் கதவுகளும் மட்டும் போயிருந்தன. சாமிப் படங்களும் கலண்டர்களும் தொங்கிய உயரத்திலேயே தொங்கின. பின்னால் சுவர் இல்லாததால் காற்று வந்தபோது மெல்லச் சுற்றின. கடைசிக் காம்பராவில் இருந்த வேலாயி எழுந்து, கதவு இருந்த இடத்தின் வழியாக வெளியே போய், பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அதே வழியாக உள்ளே வந்தாள். சுவர் இருந்த இடத்தின் வழியாக யாரும் நடக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் உடுப்பு மாற்றினால் எல்லோரும் தேயிலையைப் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷம் காற்று தகரத்தைக் கொண்டுபோனது, இந்த வருஷம் சுவரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் நேரத்துக்குப் போனார்கள்.

பெரட்டு முடிந்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து பார்த்தார்.

"லயத்த எங்க வச்சிங்க?"

"நாங்க எங்கயும் வைக்கலங்க ஐயா. தூங்கி எந்திரிச்சோம், காணோம்," என்றாள் வேலாயி.

"ஆறு காம்பராவையுமா?"

"நீங்களும் பாருங்க."

அவர் பார்த்தார். நிலத்தை நாடாவால் அளந்தார். லயம் தோட்டத்தின் சொத்து, அது எப்படிப் போனது என்று விசாரித்து முடியும் வரை புதுத் தகரமோ மரமோ தர முடியாது என்று ஆபிஸில் முடிவானது. வேறு லயத்தில் காலிக் காம்பராவும் இல்லை. வேலாயியின் மூத்த மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். இன்னும் பேர் வைக்காத அந்தப் பிள்ளைக்கு மேலே ஒருவர் மாற்றி ஒருவர் குடை பிடித்தார்கள். பிள்ளை பால் குடித்தது, தூங்கியது, இரண்டாம் நாள் இருமத் தொடங்கியது.

லயம் எங்கே போனது என்று தெரிந்தவள் கொட்டகலை பஸாரில் இருந்தாள். ஹப்ஸா, பலசரக்குக் கடை அன்ஸாரின் மகள். பேராதனையில் இரசாயனவியல் படித்துவிட்டு நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்தாள். படித்த காலத்தில் விடுதியில் ஒரு விளையாட்டைப் பழகியிருந்தாள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி விளையாடுவது. எடுத்த காரியம் ஜெயிக்குமா தோற்குமா என்று இருபது பக்கமுள்ள தாயக்கட்டை சொல்லும். கூச்சமுள்ளவர்கள் வேறொரு பேரில் வாய் திறக்கலாம் என்பதால் அவளுக்கு அது பிடித்துப்போனது. கடைக்கு மேலேயிருந்த அறையில் சனிக்கிழமைகளில் அதைச் சொல்லிக் கொடுத்தாள். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள். விளையாடுவதற்கு முன் விளையாடும் நாட்டை நாமே செய்ய வேண்டும், அதுதான் முதல் பாடம். ராஜாவிலிருந்து தொடங்காதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள் என்று சொன்னாள். மந்திரத்துக்கும் ஒரு விதி உண்டு, ஒரு பொருள் ஓரிடத்தில் வந்தால் இன்னோரிடத்தில் குறைய வேண்டும் என்று சொன்னாள். இது அவள் இரசாயனவியலில் படித்தது. பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்தது.

லயம் போவதற்கு முதல் நாள் சனிக்கிழமை, யாரும் பார்க்காத ஒரு நாட்டை வரையுங்கள் என்று கடையில் சாமான் சுற்றும் தடித்த தாளை விரித்துக் கொடுத்தாள். அவர்கள் உச்சியில் ஒரு தொரை பங்களா வரைந்தார்கள். அதற்குக் கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோர், அதற்கும் கீழே லயம். ஒரு டிராகன் இருந்தது; அதுவும் காலையில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்தது. லயத்தை வரைந்தவள் வேலாயியின் இளைய மகள் ஜீவராணி. தகரம் பறக்காமல் ஏற்றிவைத்த கற்கள், இஸ்தோப்புத் திண்ணையில் உடைந்த சிமெந்து, முன்னால் தண்ணீர் ஓடும் கான், ஒவ்வொரு கதவிலும் கொண்டி எல்லாம் அதில் இருந்தன.

"இது நம்ம தோட்டம்தானே," என்றாள் ஹப்ஸா. "கற்பனை நாட்டுல லயம் எதுக்கு? எடுத்துருங்க."

"எடுத்தா ஆளுக எங்க இருப்பாங்க டீச்சர்?" என்றாள் ஜீவராணி.

"அத பொறகு யோசிப்போம்." சொல்லிவிட்டு ஹப்ஸாவே அழிரப்பரை எடுத்து அழித்தாள்.

"அப்ப பங்களா?" என்று கேட்டான் விஜிதரன். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பவன்.

"அது இருக்கட்டும். கோட்டை மாதிரி இருக்கு."

"தொரைக்கு எங்கயும் யோகந்தான்," என்றான் விஜிதரன். எல்லோரும் சிரித்தார்கள். ஜீவராணி கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். ஹப்ஸா தாளின் மேலிருந்த ரப்பர் துகளை ஊதித் தள்ளினாள்.

திங்கட்கிழமை பாண் வாங்க வந்தவர்கள் லயம் போன கதையைச் சொன்னபோது அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். வாப்பாவிடம் கேட்டு, மழைக்குக் கூரையாகக் கட்ட ஆறு தறப்பாள் வாங்கி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வேலாயி கடைக்கே இறங்கி வந்து, "மகராசியா இருக்கணும் டீச்சர்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்து, ஈரமாக இருந்தது. ஹப்ஸா அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். உடம்புக்கு என்ன என்று உம்மா கேட்டதற்குத் தடிமன், மூக்கடைப்பு என்றாள்.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு தாளை விரித்து, அழித்த இடத்தில் தானே லயத்தை வரைந்தாள். கோடுகள் நேராக வந்தன. காலையில் கீழ்க்கணக்கில் லயம் நின்றது. வெள்ளைச் சுவர், ஆறு கதவு. கதவைத் திறந்தால் பின்னாலிருந்த தேயிலை தெரிந்தது. உள்ளே என்று ஒன்று இல்லை. பிறந்ததிலிருந்து அந்த ஆட்களுக்குச் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்த வீட்டுப் பிள்ளை, ஒரு லயத்துக்குள்ளும் போனதில்லை. கதவுக்குப் பின்னால் என்ன வரைவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆட்கள் அந்தச் சுவரில் ஈரத்துணி காயப்போட்டார்கள். காற்றுக்கு மறைப்பாக இருக்கிறது, இதுவும் நல்லதுதான் என்றாள் வேலாயி. விஜிதரன் வந்து சொன்னதும் ஹப்ஸா அதை அழித்தாள். இந்த முறை மெதுவாக அழித்தாள், துணிகளை எடுக்க நேரம் இருக்கட்டும் என்று.

சனிக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜீவராணியின் தலைமுடி ஈரமாக இருந்தது.

"லயத்த நான்தான் அழிச்சேன்," என்றாள் ஹப்ஸா.

"தெரியும் டீச்சர்," என்றாள் ஜீவராணி.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க டீச்சராச்சே."

ஹப்ஸா பென்சிலை அவள் பக்கம் தள்ளி, மறுபடி வரையச் சொன்னாள். ஜீவராணி பென்சிலை எடுத்தாள், வரையவில்லை.

"அப்படியேவா டீச்சர்? ஒழுகுற எடத்தையும் போடணுமா?"

"ஒழுகுறத எவனாச்சும் தேடி வரைவானா?" என்றான் விஜிதரன்.

"ஒன்ன கேக்கல. டீச்சர், பின்பக்கம் ஜன்னல் வைக்கவா? பகல்லயும் இருட்டா இருக்கும். பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்னு மிட்வைஃப் மிஸ் சொல்லிட்டுப் போனாங்க. ஆனா எங்கயிருந்து எடுக்குறது? சும்மா வராதுன்னு நீங்கதானே சொன்னிங்க."

ஹப்ஸா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்கயிருந்து எடு," என்றாள்.

ஞாயிறு காலையில் லயம் இருந்தது. உடைந்த சிமெந்தும் கானும் கொண்டியும் இருந்தன, ஒழுகல் இல்லை. சாமிப் படங்கள் சுவரில் சாய்ந்துகொண்டன. காம்பராக்களின் பின்சுவரில் தேக்குச் சட்டம் போட்ட பெரிய ஜன்னல்கள் இருந்தன. மூன்றாம் காம்பரா ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில், சின்ன வயதில் ஹப்ஸா கவராயத்தால் கீறிய அவள் பேர் இருந்தது. கொட்டகலையில் அன்ஸார் தொழுதுவிட்டு வந்து மாடி வராந்தாவில் நின்றார். ஜன்னல்கள் இருந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூசிய வெறும் சுவர், எந்தக் காலத்திலும் அங்கே ஒன்றும் இருந்திராதது போல.

"மகள், ஜன்னலெல்லாம் எங்க?"

"கீழ்க்கணக்குல, வாப்பா."

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டார்.

லயம் திரும்பி வந்ததால் விசாரிக்க ஒன்றும் இல்லை என்று ஆபிஸில் முடிவானது. பிள்ளையின் இருமல் நின்றது. பேர் வைக்க ஹப்ஸாவையும் கூப்பிட்டார்கள். ஜன்னல் இருக்கும் காம்பராக்களைத் தாண்டிக் கடைசிக் காம்பராவுக்குள் அவள் முதன்முறையாகக் குனிந்து போனாள். அங்கே இருட்டாக இருந்தது. பகலிலேயே மெழுகுதிரி எரிந்தது, அவர்கள் கடை மெழுகுதிரி. பிள்ளையை வெளிச்சத்துக்காகப் பக்கத்துக் காம்பராவில் கிடத்தியிருந்தார்கள்.

"ஒங்க வீட்டுக்கு ஏன் வைக்கல?"

"முடிஞ்சிருச்சு டீச்சர்," என்றாள் ஜீவராணி. "ஒங்க வீட்டுல அஞ்சுதானே இருந்துச்சு."

ஹப்ஸா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மடித்த கம்பளி, கறுத்த கூரைமரம், புகை ஏறிய பின்சுவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். பிறகு வேலாயியிடம், அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள், "லயத்த அழிச்சது நான்தான்," என்றாள்.

"புள்ள சொன்னா," என்றாள் வேலாயி. "டீக்கு சீனி போடவா?"

மேற்கொண்டு அவள் ஏதாவது சொல்வாள் என்று ஹப்ஸா காத்திருந்தாள். அவள் சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். ஹப்ஸா குடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை, இதற்கு மட்டும் அழிரப்பர் என்று சொல்லி, ஹப்ஸா தாளின் உச்சியிலிருந்த பங்களாவில் ஒரு ஜன்னலை அழித்து, வேலாயியின் பின்சுவரில் வரைந்தாள். இந்த முறை அது எங்கே வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தொரையின் சாப்பாட்டு அறையில் ஒன்று குறைந்தது ஒரு மாதத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது என்று அங்கே வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு வகுப்பில் அழிரப்பர் வைப்பதில்லை. போய்ப் பார்க்காத வீட்டை யாரும் அழிக்கக் கூடாது என்பது, தண்ணீருக்கும் முன்னால், முதல் பாடமானது. ஹப்ஸாவுக்கு நியமனம் வந்த பிறகும் சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை. அந்த அறையில் பகலில் விளக்கெரித்து நாடுகள் செய்கிறார்கள். சுவருக்கு ஜன்னல் வைக்க அன்ஸார் இரண்டு தடவை மேசன் பாஸைக் கூட்டிவந்தார். வேண்டாம் வாப்பா என்று ஹப்ஸா திருப்பி அனுப்பினாள்.

புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் மாடியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லையா என்று கேட்பார்கள்.

"ஈக்கி, இல்லாம என்ன," என்பார் அன்ஸார், பருப்பை நிறுத்துக்கொண்டே. "கீழ்க்கணக்குல ஈக்கி."