அடுப்படிச் சுவர்

ஓரகத்தியின் புதுச் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மூத்தவளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அண்ணனும் தம்பியும் பழைய வீட்டை நடுச்சுவர் வைத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். தம்பி தன் பாதியைப் பின்பக்கம் இழுத்து, மாடி ஏற்றி, போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கும்படி செய்துவிட்டான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரே கிடையாது. சோபாவில் சாய்ந்தபடியே அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கலாம். மூத்தவளின் அடுப்படியோ நாலு பக்கமும் சுவரும் ஒரு கதவுமாகக் கரி பிடித்துக் கிடந்தது.

போதாததற்கு, மாலையானால் இளையவள் கிண்ணமும் கையுமாக வந்து நிற்பாள்.

"அக்கா, உங்க மிக்ஸியில கொஞ்சம் மிளகாய் அரைச்சுக்கறேன். எங்களோடதுல நைசா அரைபட மாட்டேங்குது."

அத்தனை கொட்டிக் கட்டியவளுக்கு மிக்ஸிக்கு மட்டுமா பஞ்சம்? தன் அழுக்குச் சுவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கத்தான் வருகிறாள் என்று மூத்தவள் முடிவு கட்டிவிட்டாள். உள்ளே போனதும் மகாராணி கதவைச் சாத்திக்கொள்வாள், கூடத்துக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். கிண்ணத்தில் இருப்பதோ ஒரு கைப்பிடி. மிக்ஸி மட்டும் கல்லை அரைப்பதுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், மிளகாய் நெடி என்பாள்.

"அவளுக்கு மட்டும்தான் வாழத் தெரியுமா? எனக்கும் அந்தச் சுவர் போகணும்," என்று மூத்தவள் கணவனிடம் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அது பாட்டுக்கு நிக்குது. உன்னை என்ன பண்ணுது?" என்று கேட்டுப் பார்த்தவர், கடைசியில் கொத்தனாரைக் கூட்டிவந்தார். இளையவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் சுவரும் கதவும் போயின. வெள்ளை டைல்ஸும் பளபளக்கும் மேடையும் வந்தன.

ஊரிலிருந்து திரும்பிய அன்றே இளையவள் கிண்ணத்தோடு வந்தாள். வாசலைத் தாண்டியதும் முகம் வெளிறிப்போய் நின்றாள். மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்.

"என்ன, உங்க வீடு மாதிரியே இருக்கா?"

"இதையும் இடிச்சுட்டீங்களா அக்கா?"

"ஏன், நான் இடிக்கக் கூடாதா?"

இளையவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தணித்தாள்.

"எங்க வீட்டுல எங்க நின்னாலும் அவர் கண்ணுல படறேன். முகம் கொஞ்சம் வாடினாப் போதும், ஏன் எதுக்குன்னு கத்தல்தான். இங்க வந்து கதவைச் சாத்தி, மிக்ஸியைப் போட்டுத்தான் அழுவேன். இனிமே எங்க போவேன்?"

இந்த வாழ்க்கையைப் பார்த்தா இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தோம் என்று மூத்தவளுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது.

"அங்க என்ன கிசுகிசு?" என்று சோபாவிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான்.

மூத்தவள் இளையவளின் தோளைப் பிடித்துப் பின்சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள். அவளுக்கும் கூடத்துக்கும் நடுவே தான் போய் நின்றுகொண்டாள்.

"மிளகாய் அரைக்கிறோம் தம்பி," என்று சொல்லிவிட்டு, காலி ஜாரை மூடி மிக்ஸியைப் போட்டாள்.