குண்டுவிமானம் விழுந்த மதியம்

பேக்கரியின் பின்பக்கப் படியில் பாதி ஏறுவதற்குள் லிஃப்டு மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவனுக்கு வாய்த்தது மட்டும் எப்போதும் படிக்கட்டுதான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். முன்பெல்லாம் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு நீள மேசை. அதன்மேல் கடலின் நீலத்தில் ஒரு துணி, துணி முழுக்க தேன்கூடு போலக் கட்டங்கள். கட்டங்களின்மேல் சுண்டுவிரல் நீளத்தில் விமானங்கள், ஒவ்வொன்றும் ஒரு கம்பியின் முனையில் நின்றன. கம்பியில் கோத்த மணியை ஏற்றினால் விமானம் உயரத்தில் பறக்கிறது, இறக்கினால் தாழ்ந்துவிட்டது என்று கணக்கு. இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைகளை அவனும் நண்பர்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இந்த மேசையில் பல வருஷமாக நடத்திவந்தார்கள்.

பேக்கரிக்காரன் அவனோடு பள்ளியில் படித்தவன். விமானங்களுக்கு வர்ணம் பூசுவது அவன் வேலை. கேக்கில் பேர் எழுதிப் பழகிய கை, இறக்கையில் ஒரு கோடு கோணாது. அடுத்தவர் கணக்கு டீச்சர். விதிப் புத்தகம் அவரிடம்தான் இருக்கும். அவர் முறைத்தால் பகடைகூட ஒழுங்காக விழும் என்று பேச்சு. நான்காவது ஆள் கூரியர் வண்டி ஓட்டுகிறவன். கல்யாணம் ஆகவில்லை, வாயும் ஓயவில்லை. அதனால் அவனுக்கு ரேடியோ என்று பேர்.

போன வருஷம் மெக்கானிக்கின் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அண்ணிக்குத் துணி ஆலையில் இரவு ஷிப்ட். பகலில் அண்ணி பார்த்துக்கொள்வார், ராத்திரி இவன். அண்ணனை அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதனால் இவன் கண்ணை மூடினாலும் காது மூடுவதில்லை. விடிந்தால் வேலை. ஞாயிறு மதியம் மட்டும் அண்ணி அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்புவார். வீட்டில் ஒருத்தராவது நாலு மனுஷர் முகத்தைப் பார்க்கட்டும் என்பார்.

அன்றைய ஆட்டத்தில் ஒரு எஞ்சின் போன குண்டுவிமானம் கடலைத் தாண்டித் தன் கரைக்குத் திரும்ப வேண்டும். டீச்சரின் சண்டை விமானம் அதற்குக் காவல். எதிரிகள் பேக்கரிக்காரனும் ரேடியோவும். குண்டுவிமானத்தை யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள். ஆமை மாதிரி நகரும், வளையாது, நெளியாது. மெக்கானிக் சில மாதங்களாக அதையே எடுத்துக்கொண்டிருந்தான். ஏன் என்று டீச்சர் அன்றைக்குத்தான் கேட்டார்.

"நேரா போனா போதும் டீச்சர். யோசிக்க வேண்டாம்."

ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் அடுத்த நகர்வைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திருப்பிக் காட்டி விமானங்களை நகர்த்துவார்கள். சண்டை சூடு பிடித்த சமயம் மூன்று சீட்டுகள் கவிழ்ந்தன. நான்காவது கவிழவில்லை. மெக்கானிக் பென்சிலைப் பிடித்தபடியே கைமேல் தலை வைத்து, வெட்டிப் போட்ட கட்டை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான்.

ரேடியோ அவன் தோளைத் தொடப் போனான். டீச்சர் கையைப் பிடித்துத் தடுத்தார். பேக்கரிக்காரன் கீழே போய்க் கடைப்பையனிடம் ரொட்டி வெட்டும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தான். ஆட்டத்தை என்ன செய்வது என்று மூவரும் கிசுகிசுத்தார்கள். குண்டுவிமானத்தை மட்டும் சுடாமல் விட்டுவிடலாம் என்றான் ரேடியோ, தூங்குகிறவனைச் சுடுவது பாவம் என்று. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாவம் பாத்து விட்டா, எழுந்ததும் அவருக்குத் தெரிஞ்சிடும். ஏற்கெனவே எல்லாரும் அவரைப் பாவமாத்தான் பாக்குறாங்க. இங்கயும் வேணுமா?"

ஆட்டம் தொடர்ந்தது. சுற்றுக்குச் சுற்று டீச்சரே அவனுக்கும் ஒரு சீட்டில் 'நேராக' என்று எழுதி வைத்தார். சத்தம் வராமல் இருக்கப் பகடையை மடித்த துண்டின்மேல் உருட்டினார்கள். டீச்சர் தன் விமானத்தைக் குறுக்கே விட்டுப் பேக்கரிக்காரனை விரட்டிவிட்டார். ஆனால் ரேடியோ உயரத்திலிருந்து பாய்ந்து வந்தான். பகடையை உருட்ட மனசில்லாமல்தான் உருட்டினான். விழக்கூடாது என்று நினைத்த எண்தான் விழுந்தது. கரைக்கு எட்டும் தூரத்தில் இரண்டாவது எஞ்சினும் போனது. பேக்கரிக்காரன் குண்டுவிமானத்தைக் கம்பியிலிருந்து கழற்றி நீலத் துணியில் பக்கவாட்டில் படுக்கவைத்தான்.

மெக்கானிக் எழுந்தபோது ஜன்னல் வெயில் மஞ்சளாகிவிட்டது. கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்பு பதிந்திருந்தது. மேசையைப் பார்த்தான். மூவரும் அவனைப் பார்த்தார்கள். ரேடியோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"நான்தான்டா சுட்டேன். தப்பா எடுத்துக்காத."

"விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு."

மெக்கானிக் அந்தச் சின்ன விமானத்தைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அவன் துடைக்கவும் இல்லை.

"நல்லதாப் போச்சு. விழுந்தாலும் இதை ஒண்ணையாவது நான் ஓடிப்போய்த் தூக்க வேண்டாம்."

பேக்கரிக்காரன் டீ எடுத்துவந்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதுவரை வீட்டில்கூடச் சொல்லாததை மெக்கானிக் சொன்னான். அந்த வாரம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டுக் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான். கூரைமேல் ஏறினால் முதலில் லிஃப்டை நிறுத்தும் சுவிட்சைப் போட வேண்டும். தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் அது. அன்றைக்கு அதை மறந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். மேல்மாடியில் யாரோ பட்டனை அமுக்க, கூண்டு அவனையும் சுமந்துகொண்டு ஏறியது. விழித்து சுவிட்சை அடித்தபோது தலைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்தான் இருந்தது. இறங்கி வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான்.

ரேடியோ தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். டீச்சர் கணக்குப் போடுகிற முகத்தோடு, எந்தெந்த ராத்திரி முடியவே முடியாமல் போகிறது என்று விசாரித்தார். வாரத்தின் நடுவில் என்றான் அவன். ஒரு ராத்திரி யார் போய் அண்ணனைப் பார்த்துக்கொள்வது? பேக்கரிக்காரன் கோழி கூவுமுன் மாவு பிசைய எழவேண்டியவன். டீச்சரால் ஆளைத் தூக்கிப் புரட்ட முடியாது.

"புதன்கிழமை நான் வர்றேன்" என்றான் ரேடியோ.

"அண்ணனுக்குப் பிடிக்காதுடா."

"பிடிக்க வேண்டாம். முதுகு புண்ணாகாம இருந்தாப் போதும்."

மெக்கானிக் வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். அதைச் சொல்லவும் தெம்பில்லாமல் சரி என்று தலையை ஆட்டினான்.

புதன்கிழமை சாயங்காலம் ரேடியோ கூரியர் சட்டையோடே வந்து நின்றான். ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், முழங்கால்களுக்கு நடுவே தலையணை என்று மெக்கானிக் சொல்லிக்கொடுத்தான். அண்ணன் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். வேற்று ஆள் தொட்டதும் அவர் தோள் விறைத்துப்போனது. வேலைக்குக் கிளம்பிய அண்ணி செருப்பை மாட்டியபடி கண்ணாலேயே மெக்கானிக்கைக் கேட்டார், சரிப்படுமா என்று. இவன் தோளைக் குலுக்கினான்.

உள்ளறையில் போய்ப் படுத்தும் மெக்கானிக்குக்குத் தூக்கம் வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ரேடியோ மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். தெருநாய் துரத்தியது, தப்பான வீட்டில் பார்சல் கொடுத்தது என்று ஓடியது பேச்சு. கடைசியில் அண்ணனின் குரல் கேட்டது.

"உன் வாய்க்கு சுவிட்ச் எங்கப்பா இருக்கு?"

மறுநாள் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் இந்த ஆள் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். தம்பி சரி என்றான். ரேடியோவிடம் சொல்லவும் செய்தான். ரேடியோ காதில் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த புதனும் வந்தான். அதற்கடுத்த புதன் வண்டி பஞ்சராகி நேரமாகிவிட, அண்ணன் வாசல் பக்கம் பார்த்து, "அந்த லொடலொடப்பு இன்னும் வரலையா?" என்று கேட்டார். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று மெக்கானிக் படுத்ததுதான் தெரியும். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். உடம்பு வலி அப்படியேதான் இருந்தது, கண் எரிச்சலும் போகவில்லை. பக்கத்து அறையில் ரேடியோ எதையோ சொல்ல, அண்ணன் இல்லை இல்லை என்று மறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். என்ன வாக்குவாதம் என்று இவன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தான்.