பழைய சர்வரை நீக்கவில்லை

எனக்கு வினோதினியைப் பிடிக்காது. சுற்றி வளைத்துச் சொல்வானேன், பொறாமைதான். எங்கள் ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். நேற்று வந்த அவளைச் சிதம்பரம் கிளைக்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். அப்போதுதான் கடலூர், சிதம்பரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹெட் போடப் போவதாகப் பேச்சு வந்தது. அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது. அதையும் அவள் தட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று வயிறு எரிந்தது.

எல்லா ஸ்கேன் படங்களும் கடலூரில், என் பொறுப்பிலிருக்கும் ஸ்டோரேஜில் சேர்கின்றன. எந்த சர்வர் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. பெயர் இல்லாத சர்வருக்கு அப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியாது.

திங்கட்கிழமை காலை அவள் போன் செய்தாள்.

"அக்கா, பழசுக்குப் பதிலா புது சர்வர் வந்துடுச்சி. பேரைச் சேத்துடுங்களேன், பேஷண்டு ஜாஸ்தி உக்காந்துருக்காங்க."

பழையதை நீக்கச் சொல்ல மறந்துவிட்டாள். அது இன்னும் ஓடுவது என் திரையில் தெரிந்தது. இரண்டும் ஒரே இடத்தில் எழுதினால் படங்கள் நாசம். "பழசை நிறுத்திட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சேர்ப்பதுதான் எங்கள் வழக்கம். நான் கேட்கவில்லை. நல்லாப் படட்டும் என்று நினைத்தேன்.

"சேத்துட்டேம்மா," என்றேன்.

மத்தியானத்துக்குள் சிதம்பரத்தில் ஒரு படமும் திறக்கவில்லை. பழைய படங்கள் பேக்கப்பிலிருந்து மீண்டன. அன்று காலை எடுத்த பதினெட்டுப் பேருடைய ஸ்கேன் போயே போய்விட்டது. அதில் ஒருவர், வயிற்று வலியோடு புவனகிரியிலிருந்து பஸ் ஏறி வந்த கொளஞ்சியம்மாள்.

மேனேஜர் ஆரோக்கியராஜ் சார் எங்கள் இருவரையும் ஒரே போன் காலில் பிடித்தார். யார் தப்பு என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் வினோதினி சொன்னாள்: "என் தப்பு சார். பழசை நிறுத்தாம வுட்டுட்டேன். பதினெட்டு பேருக்கும் நானே போன் பண்ணி மன்னிப்பு கேட்டுட்டேன். நாளைக்கு வண்டி வச்சி கூட்டியாறோம்."

"இளவரசி, நீ கேட்டிருக்கணுமில்ல?" என்று சார் என்னைப் பிடித்தார்.

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவுங்க கண்ணுல பட்டிருந்தா வுட்டிருக்கவே மாட்டாங்க."

அடுத்த வாரம் அவளை ஹெட் ஆக்கினார்கள். அதுகூடப் போகட்டும். அன்றைக்கு அவள் எனக்காகப் பேசினாளே, அதை நடிப்பில்லாமல், மனசாரச் சொன்னாள். பார்த்துவிட்டுத்தான் விட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளிடம் இருந்த அந்த மனசைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் அதிகமாக வயிறு எரிகிறது.